மின்கிட்டார் ஒலிப்பதிவு: எதை அனலாகில் வைப்பது, எதை டிஜிட்டலுக்கு விடுவது

மின்கிட்டார் வாசிப்பவர்களிடையே அனலாக் கட்சி, டிஜிட்டல் கட்சி என்று இரண்டு இருப்பதாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பதிவு செய்யும் மேசைக்கு வந்து பார்த்தால் அப்படியொரு தூய பிரிவு எங்கும் தென்படுவதில்லை. காந்தத்தின் மேல் அதிரும் கம்பி பிக்கப்பில் எழுப்பும் மின்னழுத்தம் அனலாக். கடைசியில் காதுக்கு ஒலியைத் தரும் ஸ்பீக்கரும் ஹெட்போனும் அனலாக். இவ்விரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் சிக்னல் எண்களாக மாறுகிறது, எத்தனை முறை மாறுகிறது, மாறுவதற்கு முன்பு அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றைத்தான் நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விரலின் அழுத்தத்தையும் வால்யூம் குமிழின் நகர்வையும் நேரடியாக உணரும் இணைப்புகளில், அதாவது பிக்கப்பும் அதற்கு அடுத்த கருவியும் ஒன்றையொன்று பாதிக்கும் இடங்களில், அனலாகுக்குச் செலவிடும் பணம் வீண்போவதில்லை. அதற்குப் பின்வரும் எதிரொலி, அறையொலி, திருத்தம், சேமிப்பு ஆகியவற்றை டிஜிட்டலிடம் விட்டுவிடுவதால் பெரிய இழப்பு இல்லை என்பது என் முடிவு.

டிஜிட்டல் ஒலியில் உயிர் இல்லை என்ற குறை அடிக்கடி கேட்கிறது. அந்தக் குறையில் பெரும்பகுதிக்குக் காரணம் எண்முறை அல்ல. தவறான உள்ளீடு, தவறான மட்டம் (சிக்னலின் வலு), கிட்டாரிலிருந்து காதுவரையிலான கருவிச் சங்கிலியில் ஸ்பீக்கரே இல்லாமல் போவது ஆகிய மூன்றும்தான். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு இம்மூன்றையும் சரிபார்த்துவிட வேண்டும்.

முதல் இணைப்பு

பெரும்பாலான கிட்டார் பிக்கப்புகள் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்களே. அவற்றுக்குள் பேட்டரியோ பெருக்கியோ கிடையாது என்பதால், அடுத்து வரும் கருவியின் உள்ளீடு அவற்றின் மீது எவ்வளவு சுமை ஏற்றுகிறதோ அதற்கேற்ப அவற்றின் ஒலியே மாறிவிடுகிறது. இந்தச் சுமையைத் தீர்மானிப்பது உள்ளீட்டின் இம்பீடன்ஸ்: அது குறையக் குறையச் சுமை கூடும். வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி) ஒன்றின் கிட்டார் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீடோ ஏறத்தாழ 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். கிட்டாரை லைன் உள்ளீட்டில் செருகினால் மேல் அதிர்வெண்கள் மழுங்கும், மட்டமும் விழும். அதை ஈடுகட்ட ட்ரெபிளைத் திருகி ஏற்றினால் மழுங்கல் போகாமல் இரைச்சல் மட்டும் வந்து சேரும்.

தீர்வு எளிது. இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-ஸீ’ என்று குறிக்கப்பட்ட பொத்தான் இருக்கும்; சில மாதிரிகளில் எழுத்துக்குப் பதில் சிறிய கிட்டார் படம் இருக்கும். அதை அழுத்திவிட்டு, பிரிட்ஜ் பிக்கப்பில் ஒரே கார்டை இருமுறை, பொத்தான் அழுத்திய நிலையிலும் விடுவித்த நிலையிலும் பதிந்து, இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து கேட்டால் வேறுபாடு விளங்கிவிடும். உங்கள் கருவியில் அப்படியொரு உள்ளீடு இல்லையென்றால் ஆக்டிவ் டி.ஐ. பெட்டி (பிக்கப்பின் மீது சுமை ஏற்றாமல் சிக்னலை வாங்கிக் கடத்தும் பெட்டி) ஒன்றை நடுவில் வைக்கலாம். பஃபர், அதாவது அடுத்த கருவியின் சுமை பிக்கப்பைத் தொடாமல் காக்கும் சிறு சுற்று, உள்ள எந்தச் சாதாரண பெடலும் (காலால் இயக்கும் ஒலி விளைவுப் பெட்டி), விளைவை அணைத்த நிலையில்கூட, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

கேபிளும் இந்த இணைப்பின் ஒரு பகுதிதான். கிட்டார் கேபிளின் மின்தேக்குத்திறன் தோராயமாக மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் என்று கொண்டால், 6 மீட்டர் கேபிள் 600 பிக்கோ ஃபாரட் ஆகிறது. பிக்கப் சுருளின் தூண்டுதிறனோடு அது சேர்ந்து 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஓர் ஒத்ததிர்வு மேட்டை உண்டாக்குகிறது. கேபிள் நீள நீள அந்த மேடு கீழே இறங்கும். வயர்லெஸ் வாங்கிய மறுநாளே ஒலி குத்துகிறது என்று சொல்பவர்கள் உண்மையில் இழந்திருப்பது இந்த 600 பிக்கோ ஃபாரடைத்தான். டோன் குமிழைச் சற்றே இறக்கினால் ஓரளவு சரியாகும். கேபிளின் விளைவைப் போலியாகச் சேர்த்துத் தரும் அமைப்பு சில வயர்லெஸ் கருவிகளிலேயே உண்டு.

அடுத்தது மட்டம். காந்த நாடாவின் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம், இரைச்சல் குறைக்கும் சாதனம் எதுவும் இல்லாதபோது, 60 முதல் 70 டெசிபல் அளவில்தான் இருந்தது. அதனால் சிக்னலை இயன்றவரை உயரமாகப் பதிவது அவசியமாக இருந்தது, சற்று மீறிப்போனாலும் நாடாவில் அலையின் தலை மெதுவாக அமுங்குமே தவிர வெட்டப்படாது. டிஜிட்டலில் 16 பிட்டுக்கு ஏறத்தாழ 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. ஆனால் டிஜிட்டல் அளவுகோலின் உச்சமான 0 டெசிபலைத் தாண்டியவுடன் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். நாடாக் காலத்துப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து சிவப்பு விளக்கு மினுங்கும்வரை ஏற்றுவதில் இப்போது எந்த ஆதாயமும் இல்லை. 24 பிட்டில் வைத்துக்கொண்டு, உங்களால் இயன்ற அளவு வலுவாக அடிக்கும் கார்டின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கெயினை அமைத்துவிடுங்கள். ஆம்ப் போலி மென்பொருள்களுக்கு இது இன்னொரு வகையிலும் முக்கியம்: உள்ளே வரும் மட்டத்தைப் பொறுத்துத்தான் அவை எவ்வளவு டிஸ்டார்ஷன் (அலையை வெட்டிச் சிதைக்கும் கரகரப்பு) தருவது என்று முடிவு செய்கின்றன. பலர் இத்தகைய மென்பொருளை ‘இந்த ப்ளகின் அதிகமாக இரைகிறது’ என்று ஒதுக்கிவைப்பது, மட்டம் 10 டெசிபல் கூடுதலாகப் போயிருப்பதால்தான்.

பெடல்களில் எது எது

எல்லாப் பெடல்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. ஒலியைக் கடுமையாகச் சிதைக்கும் ஃபஸ் பெடலை எடுத்துக்கொள்வோம். 1966-இல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு என்பதால், மேலே சொன்ன சுமை இங்கே குறையாக இராமல் அந்தப் பெடலின் குணமாகவே ஆகிவிடுகிறது: கிட்டாரின் வால்யூமை இரண்டு புள்ளி இறக்கினால் ஃபஸ் விலகி, கிட்டத்தட்டத் தெளிவான, மணிபோன்ற ஒலி வெளிப்படும். இந்த உறவு கெடாமலிருக்க அதைச் சங்கிலியின் முதல் பெடலாக, கிட்டாருக்கு நேராக வைக்க வேண்டும்; முன்னால் ஒரு பஃபரையோ வயர்லெஸ்ஸையோ வைத்தால் அது வெறும் ரம்பச் சத்தமாகிவிடும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் என்பதால், சென்னையின் மே மாதப் பகலிலும் குளிரூட்டிய அறையிலும் அது ஒரே மாதிரி ஒலிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாங்கும் எண்ணமிருந்தால் சிலிக்கான் வகை தொல்லை குறைந்தது.

டிஸ்டார்ஷனை டிஜிட்டலில் செய்வதில் உள்ள உண்மையான சிக்கல் ஏலியாசிங். அலையை வெட்டும்போது மேற்சுரங்கள் கணக்கின்றிப் பிறக்கின்றன. 48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (விநாடிக்கு அத்தனை முறை சிக்னலை அளப்பது) அதில் பாதியான 24,000-க்கு மேல் எதையும் எழுத இடமில்லை என்பதால், 45,000 ஹெர்ட்ஸில் பிறக்கும் மேற்சுரம் மடிந்து 3,000 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும்; அது வாசித்த சுரத்தோடு எந்த இசை உறவும் இல்லாதது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கெயினை முழுவதும் ஏற்றி, மேல் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை மெதுவாக வளைத்து ஏற்றுங்கள். சுரம் மேலே போகும்போது பின்னணியில் மெல்லிய ஓசை ஒன்று கீழ்நோக்கி இறங்கினால் அது ஏலியாசிங். மென்பொருளில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே மாதிரி வீதத்தைப் பெருக்கிக் கணக்கிடுவது) என்ற அமைப்பு இருந்தால் 4 மடங்குக்கு மாற்றிப் பாருங்கள். கணினியின் சுமை கூடும், ஆனால் அந்த ஓசை பெரும்பாலும் அடங்கிவிடும். விலை குறைந்த அனலாக் டிஸ்டார்ஷன் பெடலில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. அதனால்தான், கைவசமிருக்கும் பணத்தில் ஒரே ஒரு அனலாக் கருவிதான் வாங்க முடியுமென்றால் அது ஓவர்டிரைவாகவோ ஃபஸ்ஸாகவோ இருக்கட்டும் என்கிறேன்.

எதிரொலி தரும் டிலே பெடலில் நிலைமை நேர்மாறு. அனலாக் டிலேயின் இருண்ட, இதமான எதிரொலியைப் பலர் மாயம்போலப் பேசுகிறார்கள். அதன் காரணம் மிகச் சாதாரணமானது. பிலிப்ஸ் நிறுவனத்தின் சாங்ஸ்டரும் டீரும் 1969-இல் உருவாக்கிய பக்கெட் பிரிகேட் சில்லில், சிக்னல் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகிறது. எம்.என்.3005 என்ற புகழ்பெற்ற சில்லில் 4,096 படிகள். அதிலிருந்து 300 மில்லி விநாடித் தாமதம் வேண்டுமென்றால் அதன் கடிகாரத் துடிப்பை ஏறத்தாழ 6,800 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். அப்போது 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அனைத்தையும் முன்கூட்டியே வடிகட்டியாக வேண்டும். நாம் ரசிக்கும் இருள் அந்த வடிகட்டிதான். ஆகவே டிஜிட்டல் டிலேயில் எதிரொலியின் மேல் அதிர்வெண்களை 3,000 ஹெர்ட்ஸ் அருகே வெட்டி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது டிஸ்டார்ஷனும் சுருதி அசைவும் சேர்த்தால், பாடலின் நடுவே எவராலும் வேறுபாடு சொல்ல முடியாது. 1983-இல் பாஸ் நிறுவனம் டிடி-2 என்ற முதல் கைக்கடக்கமான டிஜிட்டல் டிலே பெடலைக் கொண்டுவந்தபோது அதன் தெளிவே விற்பனைக் காரணமாக இருந்தது; இன்று அதே தெளிவைக் குறைப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்பது வேடிக்கைதான். அறையொலி தரும் ரிவர்பும் டிஜிட்டலுக்கே.

டிஜிட்டல் பெடல் வாங்கும்போது நேர் சிக்னல் (விளைவு எதுவும் சேராத மூலச் சிக்னல்) எண்ணாக மாறாமல் அப்படியே கடந்து செல்லும் வகையா என்று கேட்டு வாங்குவது நல்லது. மின்வழங்கலிலும் கவனம் வேண்டும்: அனலாக் ஓவர்டிரைவுக்குச் சில மில்லி ஆம்பியரே போதும், டிஜிட்டல் பெடல்கள் 100 முதல் 300 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ஓட்டினால் டிஜிட்டல் கடிகாரத்தின் கீச்சொலி டிஸ்டார்ஷன் பெடலில் நுழைந்து பெருகும். தனித்தனியே பிரிக்கப்பட்ட வெளியீடுகள் கொண்ட மின்வழங்கி ஒன்று, இன்னொரு பெடலைவிட அதிகப் பயன் தரும்.

ஆம்பும் ஸ்பீக்கரும்

வால்வு ஆம்ப் வாங்குவது பற்றிய ஆசைக்கு முன்னால் வீட்டின் சுவர்களைப் பார்க்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகத் திறன் வாய்ந்தவை. 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை தரக்கூடியவை. 30 வாட்டுக்குப் பதில் 15 வாட் வாங்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். 1 வாட் ஆம்பை முழுவதும் திறந்தால்கூட அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாக ரியாக்டிவ் லோடு பெட்டியில் (ஸ்பீக்கரைப் போலவே ஆம்பின் மின்திறனை ஏற்கும், ஆனால் ஒலிக்காத பெட்டி) இணைத்து, அதன் லைன் வெளியீட்டைப் பதிவது ஒரு வழி. எந்த நிலையிலும் ஸ்பீக்கரோ லோடு பெட்டியோ இணைக்காமல் வால்வு ஆம்பை இயக்கக் கூடாது. வெளியீட்டு மின்மாற்றி கருகிவிடும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த 120 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது என்பதும், அணைத்த பின்னும் உள்ளே பல நூறு வோல்ட் தேங்கி நிற்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வால்வு ஆம்ப் இல்லாதவர்கள் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்தபோது இருந்த நிலையிலிருந்து போலி ஆம்புகள் வெகுதூரம் வந்துவிட்டன. நரம்பியல் வலைப்பின்னல் முறையில் உண்மையான ஆம்பின் நடத்தையைக் கற்றுக்கொள்ளும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பதிவான ஒலியில், நன்கு தயாரித்த மாதிரியையும் அசல் ஆம்பையும் பிரித்தறிவது கடினம். வாசிப்பவரின் உடல் உணரும் காற்றழுத்தமும், ஸ்பீக்கரின் ஒலி கம்பியை மீண்டும் அதிரச் செய்து சுரத்தை நீட்டிப்பதும் மட்டும் ஹெட்போனில் கிடைக்காது. அந்த நீட்சிதான் உங்கள் இசையின் அடிப்படை என்றால் அறையில் ஒரு ஸ்பீக்கர் ஒலித்தே ஆக வேண்டும்.

முன்பு சொன்ன மூன்றாவது காரணம் இங்கேதான் வருகிறது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெகுவாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின் மேற்சுரங்களைக் கேட்கத் தகுந்ததாக ஆக்குவது அந்தச் சரிவே. டிஸ்டார்ஷன் பெடலை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் கொசுக்கூட்டம் போன்ற இரைச்சல் வருவது ஸ்பீக்கர் இல்லாததால். ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு ஒன்றைச் சங்கிலியின் இறுதியில் ஏற்றினால், குறிப்பிட்ட கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி), மைக், மைக்கின் இடம் ஆகியவற்றின் அதிர்வெண் குணம் மொத்தமாக வந்துவிடும். ஆம்ப் மாதிரியை மாற்றுவதைவிட ஐ.ஆர். மாற்றுவது ஒலியை அதிகம் மாற்றும். எனவே ஆம்பை ஒன்றில் நிறுத்திவிட்டு ஐந்தாறு ஐ.ஆர்.களை மாற்றிக் கேளுங்கள். போலி ஆம்ப் கருவியான மாடலரை உண்மையான கிட்டார் கேபினட்டுக்கு அனுப்பும்போது மட்டும் ஐ.ஆர்.ஐ அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஸ்பீக்கர் இருமுறை சேர்ந்து ஒலி போர்வைக்குள் போய்விடும்.

மைக் வைத்துப் பதிபவர்களுக்கு 1965-இலிருந்து கிடைக்கும் ஷூர் எஸ்எம்57 போதும். ஸ்பீக்கரின் நடுமூடியும் கூம்பும் சந்திக்கும் கோட்டுக்கு நேராக, ஸ்பீக்கரின் முகப்புத் துணியிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் தொடங்குங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் இதம். ஆம்பின் குமிழைத் தொடுவதற்கு முன்பு மைக்கை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்ப்பதே சரியான வரிசை.

தாமதமும் இரட்டைப் பதிவும்

அனலாக் சங்கிலியில் தாமதம் இல்லை. டிஜிட்டலில் தவிர்க்க முடியாது. கணினி ஒரே தொகுதியாகக் கையாளும் மாதிரிகளையும் பஃபர் என்றே சொல்வார்கள் (பெடலின் பஃபர் வேறு): 48,000 ஹெர்ட்ஸில் 128 மாதிரி பஃபர் என்பது 2.7 மில்லி விநாடி; உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை, அதன் மேல் அனலாக்–டிஜிட்டல் மாற்றிகளுக்கும், இன்டர்ஃபேஸை இயக்கும் ஓட்டி (டிரைவர்) மென்பொருளுக்கும் ஆகும் நேரம். ஒலி 1 மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கும் என்பதால், மொத்தத் தாமதம் 10 மில்லி விநாடி என்றால் ஆம்பிலிருந்து 3.4 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கு ஒப்பு. மேடையில் அது இயல்பு. அதற்கு மேல் போனால் தாளம் வழுக்கத் தொடங்கும். வாசிக்கும்போது பஃபரை 64 அல்லது 128-இல் வைத்து, கலவை செய்யும்போது 512-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆம்ப், மைக், பெடல் எது இருந்தாலும் கிட்டாரின் நேர் சிக்னலையும் தனித் தடத்தில் பதிந்துவைப்பது, டிஜிட்டல் தரும் வசதிகளில் ஆகச் சிறந்தது. டி.ஐ. பெட்டியில் இரண்டு வெளியீடுகள் இருக்கும்: ஒன்று ஆம்புக்கு, மற்றொன்று இன்டர்ஃபேஸுக்கு. நள்ளிரவில் போலி ஆம்பில் வாசித்துப் பதிந்த அந்தத் தடத்தை, மறுநாள் பகலில் ரீஆம்ப் பெட்டி வழியாக உண்மையான ஆம்புக்கு அனுப்பி மைக்கில் பிடிக்கலாம். லைன் வெளியீட்டின் மட்டத்தையும் இம்பீடன்ஸையும் கிட்டாருக்கு நிகராக மாற்றவே அந்தப் பெட்டி. நேராக அனுப்பினால் ஆம்பின் முதல் வால்வு அளவுக்கு மீறி நிறையும். ஃபஸ் மட்டும் ரீஆம்புக்கு முழுமையாக ஒத்துவராது: பிக்கப்போடு அதற்குள்ள உறவு பதிவின்போதே முடிந்துவிடுகிறது. ஃபஸ்ஸை முடிவு செய்துகொண்டு, அதோடு சேர்த்தே பதியுங்கள். மைக் தடத்தையும் நேர்த் தடத்தையும் ஒன்றாகக் கலப்பதானால், மைக் 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது ஏறத்தாழ 0.9 மில்லி விநாடி பின்தங்கும் என்பதை நினைவில் கொண்டு, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முன்னே நகர்த்துங்கள்.

நாடாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1979-இல் டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ, சாதாரண கேசட்டை இருமடங்கு வேகத்தில் ஓட்டி நான்கு தடங்களைத் தந்தது. அன்று அது வீட்டுக்குள் ஒலிப்பதிவகத்தையே கொண்டுவந்தது. இன்று அதன் ரப்பர் பட்டைகள் இளகிப்போய், காந்தத் தலைகளைச் சீரமைக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். விரும்பிய அளவு தடம் சேர்க்க முடியாத கட்டுப்பாடு வேண்டுமென்றால் கணினியில் நான்கே தடம் என்று நீங்களே விதி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒரே நேர்த் தடத்தை இரண்டின் வழியாகவும் அனுப்பி, மட்டத்தை அளந்து சமப்படுத்தி, எது எது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் சொல்லுங்கள். டிரம்மும் பேஸும் சேர்ந்த கலவைக்குள் வைத்தும் கேளுங்கள், ஏனெனில் தனியாகக் கேட்கும்போது மலைக்க வைக்கும் வேறுபாடுகளில் பல அங்கே கரைந்துவிடும்.

கடைசியாக, சேமிப்பு. ப்ளகின் அமைப்புகளை மட்டும் நம்பித் திட்டக் கோப்பை வைத்துவிட்டால், இயங்குதளம் மாறிய சில ஆண்டுகளில் அது திறக்காமல் போகலாம். ஒவ்வொரு பாடலுக்கும் நேர்த் தடத்தையும், முழு ஒலியோடு கூடிய தடத்தையும் 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக, பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே எழுதிவையுங்கள். அனலாக் பெடல்களிலும் ஆம்பிலும் குமிழ்கள் நின்ற நிலையைக் கைபேசியில் படமெடுத்து, எந்த கிட்டார், எந்த பிக்கப், கேபிள் எவ்வளவு நீளம் என்ற குறிப்போடு அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள்.